ஒரே எண் இரண்டு முறை

98.4. பதினைந்து வினாடி. மறுபடியும் 98.4. நாலு வரி ஆகிவிட்டது, அதாவது ஒரு நிமிடம், இன்னும் தொண்ணூற்றாறு வரி பாக்கி, அதற்குள்ளேயே உள்ளங்கை இப்படி வியர்த்தால் எப்படி வனஜா, கையைப் புடவையில் துடை. துடைத்தாயிற்று. கிருஷ்ணகிரியில் ஜூன் மாதத்து மாம்பழ வாசனையை இங்கே வேலை செய்கிறவர்கள் யாரும் கவனிப்பதே இல்லை, ஓசூரிலிருந்து வருகிற எனக்கு மட்டும் முதல் ஐந்து நிமிடம் ஆனந்தம், அப்புறம் தொண்டையில் ஜாம் அடைத்துக்கொண்ட மாதிரி. உட்கார்ந்திருப்பது ஒரு கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலி. முன்னால் என் திரை. பத்தடி தள்ளி குக்கர், மாங்கூழ் அடைத்து மூடிய டின்களைக் கொதிநீரில் முக்கி வைக்கிற ஆளுயரத் தொட்டி. அதற்குப் பக்கத்தில், நீராவி வால்வின் சக்கரத்தில் ஒரு கையை வைத்தபடி முனிரத்தினம். எனக்குப் பின்னால், கழுத்தில் மூச்சு படாத குறையாக, முதலாளி கோவர்த்தனன். டின்கள் இருபத்தைந்து நிமிடம் சூட்டில் நிற்க வேண்டும். என் புரோகிராம் பதினைந்து வினாடிக்கு ஒரு தடவை சூட்டை அளந்து திரையில் காட்டும், கோப்பிலும் ஒரு வரி எழுதும். இருபத்தைந்து நிமிடத்துக்கு நூறு வரி. நூறும் இருந்தால் முனிரத்தினம் பழையபடி வால்வுக்கு வருவார். குறைந்தால் இன்றைக்கே வீட்டுக்குப் போவார். அப்படித்தான் காலையில் முதலாளி சொன்னார், அதுவும் அவர் காதில் விழும்படியாக. ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பைத் திறந்து பார்க்க வழியில்லை, முடிந்த பிறகுதான் தெரியும். பரீட்சை எழுதும்போதே மதிப்பெண்ணைப் பார்க்க ஆசைப்பட்டவள்தான் நான் எப்போதும். 98.4.

முனிரத்தினத்தின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. காக்கிச் சட்டை, தோள்பட்டைக்கு நடுவே வியர்வை ஒரு பெரிய இலையாக நனைந்திருக்கிறது. காலையில் பழம் கழுவுகிற இடத்துக்குப் போய்க் கூப்பிட்டபோது நிமிர்ந்து பார்க்கவில்லை. பத்தொன்பது சீசன் வால்வு பிடித்த ஆள், இரண்டு வாரமாகப் பெங்களூரா மாங்காயைத் தண்ணீரில் உருட்டிக்கொண்டிருக்கிறார். "என்னா மேடம், மறுபடியும் சோதனையா? சோதனை எனக்கா, மெஷினுக்கா?" என்றார் மாங்காயைப் பார்த்து. "எனக்கு அண்ணா" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார். முகத்தில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை, கோபம் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். மூன்று வாரத்துக்கு முன்னால் வெளிநாட்டில் கூழ் வாங்குகிறவர்கள் நாலு பேட்சைத் திருப்பினார்கள். கோப்பில் நாற்பத்தோரு வரிதான் இருக்கிறது, பத்தேகால் நிமிடம்தான் அவித்திருக்கிறீர்கள் என்று. இன்னொன்றில் முப்பத்தெட்டு. நாலுமே முனிரத்தினத்தின் ஷிஃப்ட். டின்னைத் திறந்து பார்த்தார்கள், நன்றாகத்தான் இருந்தது, அதை அதிர்ஷ்டம் என்றார்கள். மனுஷன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், மணி பார்த்துத்தான் இறக்கினேன், ஒரு நிமிஷம் குறைக்கலை என்று. யார் கேட்டார்கள்? கம்ப்யூட்டர் ஏன் பொய் சொல்லப்போகிறது என்று முதலாளி அறுபது பேர் நிற்கும்போது கேட்டாராம். கேட்டுவிட்டு எங்கள் கம்பெனிக்கு எழுதினார். எங்கள் கம்பெனி என்றால் நானும் சதாசிவமும் ஒரு ஏசியும். புரோகிராமைச் சரிபார்த்துப் பதில் அனுப்பியது நான். "மென்பொருளில் எந்தக் குறையும் இல்லை." அதோடு நிறுத்தியிருக்கலாமே. நிறுத்தவில்லையே. "இயக்குபவரின் நடவடிக்கையைச் சரிபார்க்கவும்." அந்த இரண்டாவது வாக்கியத்தை யார் கேட்டார்கள், என் குணம் அது, நான் சரி என்றால் போதாது, இன்னொருத்தர் தப்பு என்றும் சொல்லியாக வேண்டும், பள்ளிக்கூடத்திலிருந்தே இந்தப் புத்தி. கீழே கையெழுத்து வேறு, வனஜாவின் வனாவுக்கு ஒரு சுழி, அந்தச் சுழியில் எனக்கு அப்போது என்ன ஒரு திருப்தி. 98.4. ஏழாவது நிமிடம் நடக்கிறது என்று சுவர்க் கடிகாரம் சொல்கிறது.

நான் சரிபார்க்காமல் ஒன்றும் எழுதவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். மேஜைமேல் தண்ணீர் கொதிக்க வைக்கிற கெட்டிலை வைத்து, அதற்குள் சென்சாரைத் தொங்கவிட்டு, இருபத்தைந்து நிமிடம் ஓட்டினேன். நூறு வரி. மறுபடி ஓட்டினேன். நூறு. எட்டுத் தடவை. கெட்டில் என்ன செய்யும், அது சூடாகும், அணையும், ஆறும், மறுபடி சூடாகும், எண் ஒரு இடத்தில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அது எனக்கு உறைக்கவே இல்லை. சரி, உள்ளே என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று கோப்பில் எழுதுகிற இடத்தில் என் பழக்கப்படி ஒரு வரி சேர்த்தேன். "வந்தேன் 1", "வந்தேன் 2" என்று எண்ணிக்கொண்டே போகிற வரி. புரோகிராம் எழுதுகிற எல்லோரும் செய்வதுதான், பல் வலித்தால் நாக்கு அங்கேயே போகிற மாதிரி, சந்தேகம் வந்த இடத்தில் ஒரு வரி அச்சடித்துப் பார்ப்போம். அதைச் சேர்த்ததும் எல்லாம் இன்னும் ஒழுங்காக ஓடியது. ஓடாமல்? நானே என் கையால் நோயாளிக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, பாருங்கள் இவருக்கு ஒரு வியாதியும் இல்லை என்று சான்றிதழ் எழுதியிருக்கிறேன். அப்போது தெரியாது. அப்போது இருந்ததெல்லாம் எரிச்சல், இந்த ஆட்கள் மணியைப் பார்க்காமல் டின்னை இறக்கிவிட்டு நம் மேல் பழி போடுகிறார்கள் என்ற எரிச்சல். முனிரத்தினத்தை நான் அதற்குமுன் இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன். ஒருதடவை டீ கொடுத்தார். அந்த டீயையும் குடித்துவிட்டுத்தான் எழுதினேன் அந்த வாக்கியத்தை. வெட்கமாக இருக்கிறது, வெளிப்படையாகச் சொன்னால் அவமானமாக இருக்கிறது, இவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட வெளியே வெயிலில் நிற்கலாம். முதலாளி பின்னாலிருந்து தொண்டையைச் செருமுகிறார். "ஓடுதாம்மா?" "ஓடுது சார்." "மாறவே இல்லையே நம்பரு, தொங்கிப்போச்சா?" "தொங்கலை சார். சூடு மாறலை, அதான் மாறலை." நம்பவில்லை, திரும்பிப் பார்க்காமலே தெரிகிறது, நாற்காலிக்குப் பின்னால் நம்பாதவருக்கு ஒரு மூச்சு இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு லேசாகிறது. தலைக்கு மருதாணி போட்டுக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்திருந்தேன், இரண்டு மணிநேரம் அசையக் கூடாது, அசைந்தால் கழுத்தில் வழியும், கைபேசியைத் தொட்டால் அதுவும் பச்சையாகும். கைக்கு எட்டினாற்போல் இருந்தது முனிரத்தினத்தின் நாற்பத்தோரு வரி மட்டும்தான், சதாசிவம் அச்சடித்து என் பையில் திணித்திருந்த தாள். சும்மா வாசித்தேன், வேறு வழியில்லாமல். 98.4. 98.5. 98.4. 98.3. 98.4. 98.5. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. மூன்றாவது தடவை வாசிக்கும்போது எங்கேயோ உறுத்தியது, சாப்பாட்டில் கல் மாதிரி, எங்கே என்று தெரியவில்லை. வரிகள் குறைவு, அது தெரிந்ததுதான். வேறென்ன? ஒரு விரலை வைத்து ஒவ்வொன்றாக வந்தேன். 98.4-க்குக் கீழே 98.4 இல்லை. 98.5-க்குக் கீழே 98.5 இல்லை. நாற்பத்தோரு வரியிலும் ஒரே எண் அடுத்தடுத்து இரண்டு முறை வரவே இல்லை! எந்தத் தொட்டியில் சூடு பதினைந்து வினாடிக்கு ஒருதடவை கட்டாயமாக மாறும்? மாறாத வரியெல்லாம் எங்கே போயிற்று? எழுந்துவிட்டேன். மருதாணி தாளில் சொட்டி, கழுத்தில் வழிந்து, ரவிக்கையில் இறங்கி, நான் கத்தினேனாம், என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். "என்னாச்சு, கண்ணுல பட்டுடுச்சா?" "ரெண்டு தடவை வரவே இல்லைங்க!" "எது?" "ஒரே நம்பர்!" அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, முதல்ல தலையைக் கழுவு" என்றார். கழுவவில்லை. மற்ற ஷிஃப்ட் ஆட்களின் தாள்களையும் எடுத்துப் பரப்பினேன். அவர்களுடையதில் தொண்ணூற்றாறு வரி, தொண்ணூற்றேழு வரி. சூடு அடங்காத குதிரையாக மேலும் கீழும் குதித்திருக்கிறது, 97.1, 99.6, 98.0. குதித்ததால் தப்பித்திருக்கிறார்கள். மூன்று நாலு வரி குறைந்ததை யாரும் கேட்கவில்லை. இவர் கை மட்டும் ஆடவில்லை. ஆடாத கைக்காரருக்குத்தான் வரி தொலைந்திருக்கிறது. எவ்வளவு ஒழுங்காகப் பிடித்தாரோ அவ்வளவு திருடனாகத் தெரிந்திருக்கிறார். அந்த இடத்தில் எனக்குச் சந்தோஷம் போய் அழுகை வந்தது, பிறகு மறுபடி சந்தோஷம் வந்தது, இரண்டுக்கும் நடுவில் தலை காய்ந்து ஓடாகிவிட்டது.

98.4. பதினொன்றாவது நிமிடம். தப்பு யாருடையது என்று கேட்டால் கம்பைலருடையது. நான் எழுதுவதை இந்தப் பெட்டிக்குப் புரிகிற பாஷையில் மாற்றித் தருகிற மென்பொருள் அது. திரையில் ஏற்கெனவே இருக்கிற அதே எண்ணைத் திரும்ப எழுதச் சொன்னால், இருப்பதுதானே இருக்கிறது என்று அது கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடும். திரைக்கு அது புத்திசாலித்தனம், எழுதினால் என்ன எழுதாவிட்டால் என்ன, பார்க்கிறவனுக்கு ஒன்றுதான். அதே சோம்பலைக் கோப்புக்கும் சேர்த்துச் செய்துவிட்டது. கோப்புக்கு வரிதானே நேரம்! ஒரு வரியை விழுங்கினால் பதினைந்து வினாடியை விழுங்கியதாகிறது. போன சீசன் வரைக்கும் ஒவ்வொரு வரியிலும் நேரமும் போட்டிருந்தேன், அதனால் எந்த வரியும் முந்தின வரி மாதிரி இல்லை, பூதம் தூங்கிக்கொண்டிருந்தது. இந்த சீசன் வாங்குகிறவர்கள் வெறும் எண் மட்டும் போதும் என்று பிடிவாதம் பிடிக்க, நேரத்தை எடுத்தேன், பூதம் எழுந்தது. கம்பைலர் செய்தவர்களுக்கு மெயில் போட்டால் அப்படியொரு முகவரியே இல்லை என்று திரும்பி வருகிறது. இந்தப் பழைய பெட்டிக்கு வேறு கம்பைலரும் கிடையாது. ஆக அதைத் திருத்த முடியாது, ஏமாற்றலாம். திங்கட்கிழமை முழுக்க யோசித்து நான் கண்டுபிடித்தது என்ன தெரியுமா, ஒரு இடைவெளி. ஒன்றுவிட்டு ஒரு வரியின் கடைசியில் ஒரே ஒரு வெற்று இடம். எண்ணுக்குப் பிறகு ஒன்றுமில்லாத ஒரு எழுத்து. கண்ணுக்குத் தெரியாது, வாங்குகிறவர்களின் கம்ப்யூட்டரும் அதைச் சட்டை செய்யாது, ஆனால் கம்பைலருக்கு மட்டும் இது வேறு வரி, எழுதித்தான் ஆக வேண்டும். சதாசிவம் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தான். "அசிங்கமா இருக்கு வனஜா. நீ சரி பண்ணலை, ஒட்டுப் போட்டிருக்கே." "ஓட்டை அடைஞ்சுதா இல்லையா?" "அடைஞ்சுது, ஆனா..." "ஆனாவை நீ வச்சுக்கோ." அதற்கு மேலே ஒன்பது வரியில் விளக்கம் எழுதி வைத்திருக்கிறேன், இந்த இடைவெளியை வீண் என்று நினைத்து எடுப்பவர் முதலில் முனிரத்தினத்திடம் போய்க் கேட்கவும் என்று முடித்திருக்கிறேன். என் இருபது வருட வேலையில் நான் எழுதியதிலேயே சின்னது இது, பெருமையாகவும் இருக்கிறது இதுதான். ஒன்றுமில்லாத ஒன்றுக்கு இவ்வளவு கர்வமா என்று கேட்டால், ஆமாம், கர்வம்தான்.

98.5. ஐயோ. அண்ணா. முதுகு லேசாக அசைகிறது, பார்த்துவிட்டார், இல்லை, அவர் திரையைப் பார்ப்பதே இல்லை, குழாயைக் கேட்கிறார், தலையை ஒரு பக்கம் சாய்த்துக் குழாய்க்குள் நீராவி ஓடுகிற சத்தத்தைக் கேட்கிறார். அந்தப் பக்கம் கழுவுகிற இடத்தில் யாரோ வெந்நீர் திறந்திருக்கிறார்கள், மூடியிருக்கிறார்கள், அழுத்தம் ஏறியிருக்கிறது. சக்கரத்தை எவ்வளவு திருப்பினார்? ஒரு விரற்கடை இருக்காது. 98.5. இன்னொரு பதினைந்து வினாடி, எவ்வளவு நீளமான பதினைந்து வினாடி. 98.4. அப்பாடா. பிடித்துவிட்டார். நான் எதற்காக அப்பாடா என்கிறேன், அவர் சூடு ஏறி இறங்கினால் இந்தப் பரீட்சையே செல்லாது, கெட்டில் மாதிரிதான் ஆகிவிடும், நூறு வரி வந்தாலும் ஒன்றும் நிரூபிக்காது. அவர் ஆடாமல் பிடித்தால்தான் என் ஒட்டு நிற்கிறதா என்று தெரியும். நிற்காவிட்டால் அவர் ஆடாமல் பிடித்ததே அவரை வீட்டுக்கு அனுப்பும். இதை நான் அவரிடம் காலையில் சொல்லிவிட்டேன், மறைக்கவில்லை. "எப்பவும் புடிக்கிற மாதிரி புடிங்கண்ணா. நான் தப்பா இருந்தா உங்களுக்குத்தான் கெடுதல். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, வேற வழி பாக்கலாம்." அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே யோசித்தார். "வேற மாதிரி புடிக்க எனக்கு வராது மேடம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வந்து நின்றுவிட்டார்.

பதினாறாவது நிமிடம். இடைவெளியை அதுவே வெட்டிவிட்டால்? வரிக்கடைசியில் இருக்கிற வெற்றிடம் எதற்கு என்று கோப்பில் எழுதும்முன் கம்பைலர் தானாகவே கத்தரித்துவிட்டால்? சில மென்பொருள் அப்படிச் செய்யும், சுத்தக்காரி மாமியார் மாதிரி, வேண்டாததை எல்லாம் துடைத்துவிடும். இல்லை, நேற்று மேஜையில் ஓட்டிப் பார்த்தேனே, சென்சாரைக் கழற்றிவிட்டு 98.4-ஐ மட்டுமே ஊட்டினேன், பழைய புரோகிராம் ஒரே ஒரு வரி எழுதியது, புதியது நூறு எழுதியது. நூறு. எண்ணினேன். சதாசிவமும் எண்ணினான். ஆனால் மேஜைமேல் எல்லாம் நன்றாகத்தான் ஓடும், மூன்று வாரத்துக்கு முன்னாலும் நன்றாகத்தான் ஓடியது, அப்போதும் எனக்கு இதே நிச்சயம் இருந்தது, இதே நிச்சயத்தோடுதான் சுழி போட்டேன். முதலாளியும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "டேபிள் மேலே ஓடுறதெல்லாம் எனக்கு வேணாம்மா. நிஜ ஆவி, நிஜ டின்னு, அவரே நிக்கணும். நூறு இருந்தா நம்புறேன்." நியாயம்தான். எனக்கே இப்போது என்னை நம்பப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு "வந்தேன்" வரி போட்டிருந்தால் இப்போது திரையில் ஓடுவதைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கலாம். போடவில்லை. கை அரித்தது, போடவில்லை, அதைப் போட்டால் இரண்டு 98.4-க்கு நடுவில் வேறு வரி வந்துவிடும், அதுவே காப்பாற்றிவிடும், இடைவெளி காப்பாற்றியதா வந்தேன் காப்பாற்றியதா என்று தெரியாது. குருட்டாம்போக்கில் உட்கார்ந்திருப்பதுதான் இன்றைய நேர்மை. பத்தொன்பது நிமிடம். 98.4. 98.4. இது எத்தனையாவது 98.4 என்று எண்ணிக்கொண்டு வந்தேன், நடுவில் விட்டுவிட்டேன். அந்த ஏற்றத்துக்குப் பிறகு ஒருதடவைகூட மாறவில்லை. இவ்வளவு நிதானமாக இருபது டன் ஆவியை ஒரு சக்கரத்தால் பிடிப்பார்களா மனிதர்கள், இருபது டன்னோ என்னவோ, எனக்கென்ன தெரியும், பெரிய பாய்லர். நான் காபிக்குப் பால் வைத்தால் பொங்கி அடுப்பில் வழியும். இவர் திரும்பிப் பார்க்காமல், எச்சில் விழுங்காமல், அவமானப்பட்ட இடத்திலேயே வந்து நின்று இப்படிப் பிடிக்கிறார். பயத்துக்கு நடுவே எனக்கு ஒரு குதூகலம் கிளம்புகிறது, வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருக்கிறது. பிடியுங்கள் அண்ணா. இன்னும் நாலு நிமிடம். நீங்கள் பிடியுங்கள், நான் எழுதுகிறேன், ஒரு வரி விடாமல் எழுதுகிறேன்.

மணி அடித்தது. முனிரத்தினம் சக்கரத்தை மூடினார். டின்கள் சொட்டச் சொட்ட மேலே வந்தன. நான் கோப்பைத் திறக்கவில்லை, பயத்தில் நேரே அச்சுக்கு அனுப்பிவிட்டேன், மூலையிலிருக்கிற பழைய பிரிண்டர் கரகரவென்று இழுத்துக்கொண்டு எழுந்தது. தாள் மடிப்பு மடிப்பாக வந்துகொண்டே இருந்தது. பழைய புரோகிராமாக இருந்தால் மூன்று வரியில் நின்றிருக்கும். நிற்கவில்லை. இருபதைத் தாண்டியது. நாற்பத்தொன்றைத் தாண்டியிருக்கும், ஏனென்றால் தாள் தரையைத் தொட்டுவிட்டது. நின்றதும் முதலாளியே கிழித்தார், மேஜையில் விரித்துப் பேனா முனையால் பத்துப் பத்தாகக் கோடு போட்டு எண்ணினார். ஒன்பதாவது கோடு போட்டார். பத்தாவது கோட்டுக்குக் கீழே வெறும் தாள்தான் இருந்தது. "நூறு" என்றார். மறுபடி மேலிருந்து எண்ணினார். "நூறுதான்." நான் குதித்துவிட்டேன், நாற்பத்தாறு வயதில், ஆடுகிற நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"இதென்னம்மா, எல்லாம் ஒரே நம்பரா இருக்குது?" என்றார் அவர், இன்னும் சந்தேகத்தோடு. "நடுவுல ரெண்டே ரெண்டு மட்டும் வேற."

"அதான் சார் விஷயமே. அவர் கை அப்படி. மாறாத எண்ணை என் புரோகிராம் எழுதாம விட்டுடுச்சு. நீங்க ஒதுக்கி வச்சிருக்கிற அந்த நாலு பேட்ச்தான் சார் இந்த சீசன்லயே ஒழுங்கா வெந்த பேட்ச். குறைஞ்ச வரி ஒவ்வொண்ணும் அவர் சூடு மாறாமப் புடிச்ச பதினஞ்சு வினாடி. நான் எழுதிக் குடுத்த அறிக்கை தப்பு. வாங்குறவங்களுக்கு இன்னிக்கே நானே எழுதுறேன், என் கையெழுத்துலயே."

கோவர்த்தனன் கெட்டவர் இல்லை. தாளையும் முனிரத்தினத்தையும் மாறி மாறிப் பார்த்தார், காது மடல் சிவந்துவிட்டது. "சரிப்பா முனிரத்தினம். நாளையிலேர்ந்து நீ வால்வைப் பாத்துக்க."

முனிரத்தினம் துண்டால் கழுத்தைத் துடைத்தார். அவசரமே இல்லை. "நாளைக்குன்னா எப்படி சார்? அன்னிக்கு எல்லாரையும் நிக்க வச்சிதானே கேட்டீங்கோ. என் சம்சாரத்துக்கிட்டகூட யாரோ போயி சொல்லிட்டாங்கோ. இப்ப நாம மூணு பேரு தெரிஞ்சிக்கினா ஆச்சா? அதே மாதிரி எல்லாரும் கேக்கச் சொல்லணும்."

முதலாளி தாளை மடித்தார், மறுபடி பிரித்தார். சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை, வாய் வரவில்லை, அவ்வளவுதான். எனக்கு அந்தத் தயக்கம் நன்றாகத் தெரியும், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் குடியிருந்த வீடு அது. அவர் வாய் திறக்கும்வரை காத்திருந்தால் மறுபடியும் முனிரத்தினம்தான் காத்திருக்க வேண்டும். மேஜைமேல் லாரி நம்பர் கூப்பிடுகிற மைக் இருந்தது. எடுத்தேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை எனக்கு, இல்லாவிட்டால் போகட்டும். பொத்தானை அழுத்தினேன், கொட்டகை முழுக்கக் கீச்சென்று ஒரு சத்தம் போய்வந்தது. கழுவுகிற இடம், தோலுரிக்கிற இடம், டின் மூடுகிற இடம், எல்லாப் பக்கமும் தலைகள் திரும்பின.

"எல்லாருக்கும் வணக்கம். நான் வனஜா, ஓசூர்லேர்ந்து வரேன். இந்தக் குக்கருக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினது நான். முனிரத்தினம் அண்ணன் நேரத்தைக் குறைச்சார்னு சொன்னது பொய். அவர் ஒரு நிமிஷம்கூட குறைக்கலை. குறைச்சது என் புரோகிராம். அதைச் சரியாப் பாக்காம அவர்மேல பழியைப் போட்டது நான். அவர் எல்லாரையும்விட நல்லா சூடு புடிச்சதாலதான் மாட்டிக்கிட்டார். தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்கண்ணா."

என் குரல் ஒலிபெருக்கியில் போய் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்து என் காதிலேயே விழுந்தது. அழகான குரல் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தேன். தோலுரிக்கிற இடத்திலிருந்து ஒரு பெண் கத்தியை மேஜையில் தட்டினாள், பக்கத்தில் இன்னொருத்தி தட்டினாள், பிறகு எல்லோரும், மஞ்சள் கைகளோடு, தகர மேஜைகள் அதிர. முதலாளிகூடத் தலையாட்டினார், என்னிடமிருந்து மைக்கை வாங்கி, "ஆமா, நானும் அன்னிக்கு பேசினது தப்பு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, சுடுகிற பாத்திரத்தைக் கொடுப்பதுபோல் திரும்ப என் கையிலேயே கொடுத்தார். அதற்குள் எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. கம்பைலர் என்றால் என்ன, அது எப்படி ஒரே எண்ணை இரண்டாவது தடவை எழுத மறுக்கும், ஒன்றுமில்லாத ஓர் இடைவெளியை வைத்து அதை எப்படி மடக்கினேன் என்று அறுபது பேருக்கும் விளக்கலாம் என்று மறுபடி மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

"போதும் மேடம்" என்றார் முனிரத்தினம், குக்கர் பக்கம் நடந்துகொண்டே. அடுத்த பேட்ச் டின்கள் சங்கிலியில் தொங்கிக்கொண்டு நின்றன. "டின்னு ஆறிப்போவுது." சக்கரத்தைத் திறந்தார், குழாய்க்குள் ஆவி சீறிக்கொண்டு ஓடியது, அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். நான் மைக்கை வைத்துவிட்டு ஓடிப்போய், விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தித் திரை முன்னால் உட்கார்ந்தேன், முதல் வரிக்கு அவரை எனக்காகக் காத்திருக்கும்படி விட்டுவிடக் கூடாது.